மாமாவைக் கொன்ற வகுப்பு

அந்த மாமாவைக் கொல்லச் சொன்னது நான்தான். ஆனால் நாற்பது தடவை கொல்லச் சொல்லவில்லை.

நான் பத்தாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறவள். ஒப்பந்த ஆசிரியை. அதாவது மற்றவர்கள் வாங்குகிற சம்பளத்தில் பாதி, மற்றவர்கள் பார்க்கிற வேலையில் ஒன்றரைப் பங்கு. வருடக் கடைசியில் நிர்வாகக் குழு கூடி, என்னை வைத்துக்கொள்வதா, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யும். இந்த வருடம் நிரந்தரமாக்கும் பேச்சு அடிபட்டது. தலைமை ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது, பெற்றோரிடமிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் குழு பின்வாங்கிவிடும், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்றார். அவர் தும்மினாலும் அதற்கொரு சுற்றறிக்கை வரும் என்பதால் பிள்ளைகள் அவருக்கு 'சுற்றறிக்கை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொள்வேன்.

பார்த்து நடக்கத்தான் நினைத்தேன். மாமா குறுக்கே வந்துவிட்டார்.

வருடத் தொடக்கத்தில் 'என்னால் மறக்க முடியாத நாள்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். நாற்பது தாள் வந்தது. நாற்பதிலும் ஒரே நாள். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறார்கள். அலை வந்து இழுக்கிறது. மாமா பாய்ந்து காப்பாற்றுகிறார். அன்று முதல் பெரியவர்கள் சொல் கேட்டு நடக்க வேண்டும் என்று உணர்கிறார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கடலே கிடையாது. வகுப்பில் பாதிப் பேர் அலையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தின் கைங்கரியம். போன வருட ஆசிரியர் அதைத்தான் மனப்பாடம் செய்யவைத்தார்; செய்தவர்களுக்கு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கிறது. எட்டாவது தாளிலேயே எனக்கு மூச்சு முட்டியது. அந்த மாமாவை நினைத்தால் பாவமாக இருந்தது. ஒரே நாளில் நாற்பது தடவை தண்ணீரில் குதித்தால் யாருக்குத்தான் சளி பிடிக்காது?

அன்றிலிருந்து ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். தினமும் பாடம் தொடங்கும் முன் பத்து நிமிடம் எழுத வேண்டும். ஒரு தாள் போதும். பிழை திருத்துவது எனக்கு இரண்டாம்பட்சம். ஒவ்வொரு தாளின் அடியிலும் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுப்பேன். மறுநாள் அதற்குப் பதில் சொல்லி எழுத வேண்டும். கேள்வி இல்லாமல் ஒரு தாளும் என் கையை விட்டுப் போகாது. இது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம்.

மருந்துக்கடை வைத்திருக்கும் என் கணவருக்கு இது பெரிய வேடிக்கை. சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து, சமையலறை மேசையில் நான் தாள்களைப் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்து, நீ போலீஸில் சேர்ந்திருந்தால் இந்நேரம் ஊரில் ஒரு திருட்டு நடக்காது என்பார்.

பிள்ளைகள் முதலில் முறைத்தார்கள். 'பூங்காவில் மலர்கள் பூத்துக் குலுங்கின' என்று எழுதிய ஒருவனிடம், எந்தப் பூங்கா, அங்கே உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்டேன். மறுநாள் அவன் வேண்டா வெறுப்பாக எழுதிக்கொண்டு வந்தான்: அந்தப் பூங்காவில் ஒரே பெஞ்ச்தான், அதிலும் நடுப்பலகை கிடையாது, அப்பா அம்மாவோடு சண்டை போட்ட நாட்களில் அதில்தான் போய்ப் படுப்பார், நடுப்பலகை இல்லாததால் இடுப்பு மட்டும் தொங்கும். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவனுக்கு அது பிடித்துவிட்டது. அதற்கப்புறம் அவன் மலர்கள் பக்கமே போகவில்லை.

இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார்கள். ஆனால் கட்டுரை என்று பெரிதாக ஒன்று கொடுத்தால் போதும், எங்கிருந்தோ அந்த மாமா ஈரத் தலையோடு வந்து நின்றுவிடுவார். 'நான் வியந்த மனிதர்' என்றால் மாமா. 'நட்பின் சிறப்பு' என்றால் மாமாவும் அவர் நண்பரும். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்கு நீங்க எழுதிட்டு வரும்போது அந்த மாமா உயிரோட இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்" என்றேன்.

புத்தக மாமாவை விட்டொழியுங்கள் என்ற அர்த்தத்தில் சொன்னேன். பத்தாம் வகுப்புக்காரர்கள் ஆசிரியை சொல்வதை வருடத்தில் ஒரு நாள்தான் அப்படியே கேட்பார்கள். அந்த நாள் அதுவாக அமைந்துவிட்டது. மறுநாள் மேசை மேல் நாற்பது பிணம்.

ஒருவருடைய மாமாவை அலையே கொண்டுபோனது. ஒருவருடைய மாமா மேல் மூன்றாவது மாடியிலிருந்து ஏ.சி. பெட்டி விழுந்தது. ஒருவர் கடலில் குதித்த பிறகுதான் தனக்கு நீச்சல் தெரியாது என்று ஞாபகம் வந்து செத்தார். இரக்க குணமுள்ள ஒரு பையன் மாமாவைத் தொண்ணூறு வயது வரை வாழவிட்டு, தூக்கத்தில் நிம்மதியாகப் போகவைத்தான். இன்னொருத்திக்குக் கொல்ல மனம் வரவில்லை; மாமாவைச் சித்தப்பாவாக மாற்றி அதே கடலில் அதே அலையில் குதிக்கவைத்திருந்தாள். நான் படித்துவிட்டு மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். நாற்பதும் வேறு வேறு. அந்த வகுப்பு வரலாற்றில் அது முதல் தடவை.

அதில் ஒரு தாள் தனியாக நின்றது. கடைசி பெஞ்சில் உட்காரும் பெண் எழுதியது. முதல் மணியில் அவள் விடும் கொட்டாவியைப் பார்த்தால் நமக்கும் தொற்றிக்கொள்ளும். அதனால் வகுப்பில் அவளுக்குப் பெயரே கொட்டாவி. அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'என் மாமா தினமும் நாலு மணிக்கு என்னைப் படிக்க எழுப்புவார். முதலில் விளக்கைப் போடுவார். பிறகு மின்விசிறியை நிறுத்துவார். அப்படியும் எழுந்திருக்காவிட்டால் காலைப் பிடித்து ஆட்டுவார். ஒருநாள் விளக்கு எரியவில்லை. மின்விசிறி நிற்கவில்லை. யாரும் என் காலைப் பிடிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். எட்டு மணிக்கு எழுந்த பிறகுதான், மாமா ஏன் எழுப்பவில்லை என்று போய்ப் பார்த்தோம்.'

இரண்டு தடவை படித்தேன். பத்துக்கு ஒன்பது போட்டேன். அடியில், 'இந்த மாமாவைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அருமையாகச் சாகடித்திருக்கிறாய்' என்று எழுதினேன். வகுப்பில் அதை உரக்க வாசித்தேன். எட்டு மணி வந்ததும் வகுப்பு வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். கொட்டாவி முகம் சிவந்து, அவளும் சிரித்து, கடைசியில் ஒரு கொட்டாவியும் விட்டாள்.

அடுத்த வாரம் புகார்க் கடிதம் எழுதும் பயிற்சி. தேர்வில் நிச்சயம் வரும். யாரைப் பற்றி வேண்டுமானாலும் புகார் சொல்லலாம் என்று விட்டேன். குழாயில் தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டு நாய், கழிவறைத் தாழ்ப்பாள் என்று நல்ல நல்ல புகார்களாக வந்தன. நடுவில் ஒரு தாள் மட்டும் பழைய வியாதியோடு இருந்தது. பெயர் இல்லை. சாய்வான எழுத்து.

'மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, இன்றைய இளைய சமுதாயம் சீரழிந்து வருவது யாவரும் அறிந்ததே. பிஞ்சு உள்ளங்களில் நச்சு விதைகள் விதைக்கப்படுகின்றன. உறவுகளின் மாண்பு குலைக்கப்படுகிறது. ஒரு சிலரின் பொறுப்பற்ற போக்கினால் விளையும் தீமைகளைக் கருத்தில் கொண்டு தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, மாணவியின் தாய்மாமன்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாள் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தும் மறுபடி வழிகாட்டிப் புத்தகமா? 'யாவரும் அறிந்ததே' என்பதன் கீழே கோடு போட்டு, 'அப்படியென்றால் எதற்கு எழுத வேண்டும்?' என்று கேட்டேன். 'விதைக்கப்படுகின்றன' பக்கத்தில், 'விதைப்பது யார்? பெயர் இல்லையா?' 'தக்க நடவடிக்கை' பக்கத்தில், 'வேலையை விட்டு அனுப்புவதா, முட்டி போட வைப்பதா? தெளிவாகச் சொல்.' கையெழுத்துக்குக் கீழே, 'மறுபடியும் மாமாவா? இவர் இன்னும் சாகவில்லையா?' பத்துக்கு மூன்று. நாளை திருத்தி எழுதி வரவும்.

அது என்னைப் பற்றிய புகார் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு மோசமான கடிதம்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. கொட்டாவியின் பையில் இருந்த தாளை மாமா பார்த்திருக்கிறார். தன் சாவையும், அதற்கு நான் கொடுத்த ஒன்பதையும், அடியில் என் பாராட்டையும் படித்திருக்கிறார். உட்கார்ந்து புகார் எழுதி, தலைமை ஆசிரியரிடம் கொடுக்கச் சொல்லி மருமகள் கையிலேயே அனுப்பியிருக்கிறார். மருமகள் அன்றைக்கு வீட்டுப்பாடம் எழுதவில்லை. புகார்க் கடிதம் கேட்கிறார்கள், கையில் ஒரு புகார்க் கடிதம் இருக்கிறது. அப்படியே என் தாள்கட்டுக்குள் செருகிவிட்டாள். பத்தாம் வகுப்பு மூளை இந்த வழியில்தான் ஓடும். மூன்று மதிப்பெண்ணோடு அது திரும்பி வந்ததும் கிழித்துப் போடக்கூடத் தோன்றாமல் பையிலேயே வைத்திருக்கிறாள்; அங்கிருந்து அது மறுபடி மாமா கைக்குப் போயிருக்கிறது.

ஆசிரியர் அறையில் நான் மட்டும் இருந்த ஒரு மதிய வேளையில் அவர் வந்து நின்றார். ஐம்பதை ஒட்டிய வயது. பேருந்து டிப்போ சீருடை, சட்டைப் பையில் மூன்று பேனா, கழுத்தில் விசில். டிப்போவில் நேரக் காப்பாளர்; எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எப்போது வந்து சேர்கிறது என்று எழுதி வைக்கிற வேலை. கொட்டாவியின் மாமா என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை என் முன்னால் வைத்தார்.

"பத்துக்கு மூணா?" என்றார்.

எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. இது தலைமை ஆசிரியரிடம் போயிருக்க வேண்டிய தாள். இப்போதும் போகலாம், அவர் அறை நாலு கதவு தள்ளித்தான். போனால் நிரந்தரம் என்ற பேச்சே இல்லை, ஒருவேளை வேலையும் இல்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் எழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். என் வாய்க்கு அந்த நல்ல புத்தி கிடையாது.

"இது என்னைப் பத்தின புகார்னு இதுல எங்க சார் இருக்கு?" என்றேன்.

அவர் தாளை எடுத்துத் தேடினார். மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை. கிடைக்கவில்லை.

தான் வாலிப வயதிலிருந்து டிப்போவில் எழுதிக்கொண்டிருப்பதாகவும், இதுவரை ஒருவரும் தன் எழுத்தைக் குறை சொன்னதில்லை என்றும் சொன்னார். அங்கே என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். எந்த வண்டி, எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு தாமதம், ஏன் தாமதம், அவ்வளவுதான் என்றார். அதில் யாவரும் அறிந்ததே என்று எழுதுவீர்களா என்றேன். அது வேலை, இது அலுவலகக் கடிதம், கொஞ்சம் கம்பீரமாக இருக்க வேண்டாமா என்று கேட்டார். கம்பீரமாக இருந்து என்ன பயன், திட்டு வாங்க வேண்டிய எனக்கே வலிக்கவில்லையே என்றேன். அவர் சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த கடிகாரம் மூன்று நிமிடம் மெதுவாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேராகத் தலைமை ஆசிரியரிடம் போவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகவில்லை. மறுநாள் வீட்டுப்பாடக் கட்டோடு புதிய கடிதம் வந்தது. கொட்டாவி அதை மேசையில் வைக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வைத்தாள்.

இந்தத் தடவை நச்சு விதை இல்லை. என் பதவி இருந்தது, வகுப்பு இருந்தது, நான் எழுதிய வாசகம் அப்படியே மேற்கோளில் இருந்தது. ஆனால், 'இவ்வாசிரியை மாணவர்களைக் கொலைக்குத் தூண்டுகிறார். இதனால் ஊரில் உள்ள அனைத்துத் தாய்மாமன்களின் உயிருக்கும் ஆபத்து ஏற்பட்டுள்ளது' என்று முடிந்திருந்தது.

அன்று சாயங்காலம் கணவர் அதை எடுத்துப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, உன் அதிர்ஷ்டம், இதற்கு அப்படியே பத்து போட்டுக் கொடுத்துவிடு என்றார். இப்படி ஒரு கடிதம் குழுவுக்குப் போனால் எழுதியவரைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள், உன் நிரந்தரத்தை யாரும் அசைக்க முடியாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மகா பெரிய நியாயம். குழு கூட இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்து ஒன்று என்று போட்டேன். பக்கத்தில் ஒரு சுழி போட வேண்டியதுதான் பாக்கி.

கை போகவில்லை. நேர்மை, மண்ணாங்கட்டி என்றெல்லாம் இல்லை. மோசமாக எழுதியதை நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வராது; வந்திருந்தால் வேறு நல்ல வேலைகளுக்குப் போயிருப்பேன். அந்த ஒன்றை அடித்துவிட்டு ஐந்து போட்டேன். 'இதுவரை செத்த தாய்மாமன்கள் எத்தனை பேர்? உங்களுக்கு உண்மையில் வலித்தது எது? டிப்போவில் எழுதுவதுபோல் எழுதுங்கள்' என்று கேட்டேன்.

கணவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உன்னை வீட்டுக்கு அனுப்புற கடிதத்தை நீயே உட்கார்ந்து திருத்திக் குடுக்கற. உலகத்துல வேற யாருக்காவது இப்படி ஒரு மனைவி இருப்பாளா?"

இருக்க மாட்டாள் என்று ஒப்புக்கொண்டேன்.

இரண்டு நாள் எதுவும் வரவில்லை. ஆறிப்போயிருப்பார், விட்டிருப்பார் என்று மனம் ஆசைப்பட்டது. மூன்றாவது கடிதத்தை அவரே கொண்டுவந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் படித்து முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரே பக்கம்.

'என் வேலை நாலரை மணிக்குத் தொடங்கும். நாலு மணிக்கு என் மருமகளை எழுப்பிவிட்டுக் கிளம்புவேன். நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது என் அம்மாவுக்கு இரவு வேலை. என்னை எழுப்ப ஆள் இல்லை. கடைசிப் பரீட்சை அன்று எட்டு மணிக்கு எழுந்தேன். பள்ளிக்குப் போகும் வண்டி ஏழு இருபதுக்கே போய்விட்டது. அடுத்த வண்டி ஒன்பதே காலுக்கு. அதன் பிறகு நான் படிக்கவில்லை. என் மருமகள் எழுதிய கட்டுரையில் எட்டு மணி வருகிறது. அவளுக்கு இந்த விஷயம் தெரியாது. தெரியாமல் எழுதியதில் தப்பு இல்லை. மொழி ஆசிரியை அதை வகுப்பில் வாசித்தார். நாற்பது பேர் சிரித்தார்கள். அதுவும் தப்பு இல்லை, சிரிப்பு வரும்படிதான் இருக்கிறது. இந்த ஆசிரியை எல்லாத் தாளுக்கும் அடியில் ஒரு கேள்வி எழுதுவார். மருமகளின் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருக்கிறது. இந்த ஒரு தாளில் இல்லை. உன் மாமா ஏன் நாலு மணிக்கு எழுப்புகிறார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் வந்து என்னிடம் கேட்டிருப்பாள். இதுதான் என் புகார்.'

தாளைக் கீழே வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு அதை அழகாக்க நான் விரும்பவில்லை. என் சட்டத்தை நானே மீறியிருக்கிறேன், அதுவும் சிரிக்கிற அவசரத்தில், அது எனக்குத் தெரியக்கூட இல்லை. இவ்வளவு படித்தவர்கள் இருக்கிற பள்ளியில் ஒரு நேரக் காப்பாளர்தான் வண்டி வராததைக் கவனித்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தைப் பார்த்து எந்தக் குழுவும் சிரிக்காது என்பதும் தெரிந்தது. தப்பு கண்டுபிடிக்க முடியுமா என்று இன்னொரு தடவை படித்தேன். ஒன்றும் இல்லை. பேனாவை எடுத்துப் பத்துக்குப் பத்து போட்டேன்.

"நேரா தலைமை ஆசிரியர்கிட்ட குடுத்துடுங்க சார். இதுல நான் கை வைக்க ஒண்ணும் இல்ல."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"கேள்வி?" என்றார். "எல்லாத்துக்கும் கீழ ஒண்ணு போடுவீங்களே. எனக்கு மட்டும் இல்லையா?"

திரும்ப வாங்கி, கொஞ்சம் யோசித்து எழுதினேன்: 'இதை அவளிடம் காட்டினீர்களா?'

அவர் படித்தார். தாளை மடித்து மூன்று பேனாவுக்குப் பின்னால் செருகிக்கொண்டு போய்விட்டார். இந்தத் தடவை கடிகாரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் அதே தாள். டிப்போக்காரர் எழுதிய எதையும் ஒப்படைக்காமல் இருக்க மாட்டார் போலிருக்கிறது. ஆனால் தாள் நேற்று நான் பார்த்த மாதிரி இல்லை. அவருடைய நீலம், என்னுடைய சிவப்பு, இரண்டுக்கும் கீழே புதிதாகப் பென்சிலில் ஒரு கை:

'பத்துக்கு எட்டு. பரீட்சை அன்று தூங்கிவிட்டதை ஏன் மாமா இவ்வளவு நாள் சொல்லவே இல்லை? எழுப்புவதை ஐந்து மணியாக்கினால் மீதி இரண்டு மார்க்கையும் தருகிறேன்.'

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து தொலைத்தன. தலைமை ஆசிரியர் முன்னால் இரண்டையும் விழுங்கினேன். அவர் பாவம், கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தன் பதவிக்காலத்தில் ஒரு புகாரைக் கடைசி வரி வரை படித்தது இதுதான் முதல் தடவை என்றார். பிறகு, இருந்தாலும் புகார் புகார்தான், மதியத்துக்குள் விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். 'மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்' என்று பேனா பாட்டுக்கு ஓடியது. படித்துப் பார்த்தேன். பத்துக்கு இரண்டுகூடத் தேறாது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன்: 'புகார் உண்மை. நான் கேள்வி கேட்டிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. அந்த மனிதரிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரைக்குக் கொடுத்த ஒன்பதைக் குறைக்க மாட்டேன்.'

குழு கூடியது. நிரந்தரம் கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் அதே ஒப்பந்தம், அதே அரைச் சம்பளம். நான் திருத்திக் கொடுத்த கடிதம் செய்ய வேண்டிய வேலையைச் செவ்வனே செய்துவிட்டது. ஒரு மொழி ஆசிரியைக்கு இதைவிட வேறென்ன பெருமை வேண்டும் என்று கணவரிடம் கேட்டேன். சம்பளம் என்றார். எனக்கும் அன்று முழுக்க வயிற்றெரிச்சல்தான். பொய் சொல்வானேன்.

அதோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. 'வகுப்பறைப் பயிற்சிகளில் இனி உறவினர் எவரையும் கொல்லுதல் கூடாது.' அதை நானே வகுப்பில் வாசிக்க வேண்டியிருந்தது. பூங்கா பெஞ்ச் பையன் எழுந்து, தலைமை ஆசிரியர் யாருக்கும் உறவினர் இல்லையே டீச்சர் என்றான். உட்கார் என்றேன். ஆனால் நல்ல கேள்வி.

அன்றைய பத்து நிமிடத்தில் கொட்டாவி எழுதியது இது:

'எங்கள் வீட்டில் இப்போது நாலரை மணி. நான் ஐந்து கேட்டேன். மாமா நாலு சொன்னார். அம்மா நடுவில் வந்து முடித்து வைத்தாள். டிப்போவில் கேட்டு மாமா தன் வேலை நேரத்தையும் அரை மணி தள்ளி வாங்கிவிட்டார். விளக்கு உண்டு. மின்விசிறி உண்டு. காலைப் பிடித்து ஆட்டுவது மட்டும் ரத்து.'

பத்துக்கு ஒன்பது. சிரித்தேன். சிரித்து முடித்து, பேனாவை மூடப் போன கை நின்றது. மறுபடி திறந்து அடியில் எழுதினேன்: 'உன் மாமாவை யார் எழுப்புகிறார்கள்?'

மறுநாள் தாளில் இரண்டே வரி இருந்தது.

'இவ்வளவு நாள் யாரும் இல்லை, டீச்சர். நாளையிலிருந்து நான், மூன்றரை மணிக்கு, காலைப் பிடித்து ஆட்டி.'